பாயின்ட் இல்லாத மேட்ச்தான்... ஆனால், வாழ்க்கையே மாறிப்போகும்! - கனடா பல்கலைக்கழக ஹாக்கியின் புது ரூல் கதை

அந்தப் பையனுக்கு அப்போது வயது 16. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்காரன். ஜூனியர் லீக் அணி ஒன்றுக்காக இரண்டே இரண்டு மேட்ச் ஆடினான். இரண்டும் சீசன் தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் ப்ரீ-சீசன் மேட்ச். ஜெயித்தாலும் பாயின்ட் கிடையாது, தோற்றாலும் நஷ்டம் கிடையாது. சும்மா ஒரு வார்ம்-அப். ஆனால், அந்த இரண்டு மேட்ச் காரணமாகவே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கதவு அவனுக்கு மூடிப்போனது. 'நீ ப்ரொஃபஷனலோடு ஆடிவிட்டாய், இனி எங்கள் கல்லூரி அணியில் ஆட முடியாது' என்றது ரூல்.

2024 ஆகஸ்ட்டில் நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரில், அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் அந்தப் பையனின் பெயரில் வழக்கு போடப்பட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2024 நவம்பர் 7-ம் தேதி, பல பத்தாண்டுகளாக இருந்த அந்த ரூலையே தூக்கிவிட ஓட்டுப் போட்டது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2025 ஆகஸ்ட் 1 முதல் புது ரூல் அமலுக்கு வந்துவிட்டது.

மாற்றியது அமெரிக்கா. ஆனால், ஒவ்வொரு செப்டம்பரிலும் வயிற்றில் புளியைக் கரைப்பது கனடாவில் இருக்கும் பல்கலைக்கழக அணிகளுக்கு. ஏன்?

இது புல் மேல் ஆடும் ஹாக்கி இல்லை

கனடாவில் 'ஹாக்கி' என்று சொன்னாலே ஐஸ் ஹாக்கிதான். நாம் ஆடும் ஹாக்கியைச் சொல்ல வேண்டும் என்றால் அவர்கள்தான் 'ஃபீல்டு ஹாக்கி' என்று அடைமொழி சேர்த்துக்கொள்வார்கள். ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு.

இந்த ஆட்டத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கும் உறவு இன்று நேற்று வந்ததில்லை. 1875 மார்ச் 3-ம் தேதி மான்ட்ரியல் நகரின் விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க்கில் முறைப்படி அறிவித்து நடந்த முதல் இன்டோர் மேட்ச்சில் ஆடியவர்களில் மெக்கில் பல்கலைக்கழகத்து மாணவர்களும் இருந்தார்கள். அப்போது ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். உருண்டைப் பந்து பறந்துபோய்ப் பார்வையாளர்களைப் பதம் பார்த்துவிடும் என்று தட்டையான மர வட்டு வைத்து ஆடினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1877-ல் மான்ட்ரியல் 'கெஸட்' பத்திரிகையில் ஆட்டத்தின் விதிகள் அச்சாயின. அந்த விதிகளின் மூலம் எது தெரியுமா? இங்கிலாந்தின் ஃபீல்டு ஹாக்கி ரூல்தான்!

இன்று கனடாவின் பல்கலைக்கழக விளையாட்டு எல்லாம் 'யு ஸ்போர்ட்ஸ்' என்ற அமைப்பின் கீழ் நடக்கிறது. 2016 வரை அதற்கு சி.ஐ.எஸ் என்று பெயர். ஆண்கள் ஹாக்கியில் மூன்று கோஷ்டி. மேற்கே 'கனடா வெஸ்ட்', நடுவில் ஒன்டாரியோவின் ஓ.யு.ஏ, கிழக்குக் கடலோரத்தில் ஏ.யு.எஸ். கியூபெக் மாகாணத்தின் மெக்கில், கன்கார்டியா, ட்ரூவா ரிவியெர் பல்கலைக்கழகங்கள் ஒன்டாரியோ கோஷ்டியோடு சேர்ந்து ஆடுகின்றன. மார்ச் மாதத்தில் எட்டு அணிகள் ஓரிடத்தில் கூடி 'யுனிவர்சிட்டி கப்'புக்காக மோதும். 1963-ல் நடந்த முதல் போட்டியில் கோப்பையைத் தூக்கியது மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். அதிக முறை ஜெயித்தது எட்மன்டனில் இருக்கும் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் 'கோல்டன் பேர்ஸ்'. இதுவரை 16 முறை.

ஷெட்யூல் போடுவது ஒரு தலைவலி

கனடாவில் செப்டம்பர் மாத முதல் திங்கள்கிழமை 'லேபர் டே' விடுமுறை. அது முடிந்ததும் வகுப்புகள் தொடங்கும், ரிங்க்கில் ஐஸும் தயாராக இருக்கும். லீக் மேட்ச் ஆரம்பிப்பது அக்டோபரில். இடையில் கிடைப்பது நான்கு வாரமோ ஐந்து வாரமோ. அதற்குள் புதுப் பையன்களைச் சேர்த்து, யார் யாரோடு ஆடினால் சரிவரும் என்று பார்த்து, எந்த கோல்கீப்பருக்கு முதல் மேட்ச் கொடுப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். அதற்குத்தான் ப்ரீ-சீசன்.

சரி, பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டு ஆடிவிட்டால் போதாதா? போதாது. கிழக்குக் கடலோர ஏ.யு.எஸ் கோஷ்டியில் ஹாக்கி ஆடுவது ஏழே அணிகள். சீசனில் ஓர் அணிக்கு 30 மேட்ச். கணக்குப் போட்டால் ஒரே எதிரணியை ஐந்து முறை சந்திக்க வேண்டும். ப்ளே-ஆஃப் வந்தால் அதே முகங்களோடு மறுபடியும் மோதல். எதிராளி இடது பக்கம் திரும்புவானா வலது பக்கம் திரும்புவானா என்பது தூக்கத்தில்கூடத் தெரியும் நிலை. அதனால் செப்டம்பரிலாவது வெளிமுகம் பார்க்கலாமே என்று ஒன்டாரியோவுக்கோ கியூபெக்குக்கோ கிளம்புகிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. லீக் மேட்ச்சில் இந்த மூன்று கோஷ்டிகளும் ஒன்றோடு ஒன்று மோதுவதே இல்லை. மேற்கில் ஜெயித்துக்கொண்டே போகும் அணி, கிழக்கு அணியின் முன்னால் எப்படி நிற்கும்? மார்ச் மாதம் வரை விடை தெரியாது. அந்த மார்ச் போட்டியோ நாக்-அவுட். ஒரு மேட்ச் தோற்றால் தங்கத்துக்கான வாய்ப்பு காலி. ஆக, நாட்டின் மறுகோடி ஆட்டம் எப்படி இருக்கிறது என்று உரசிப் பார்க்க, செப்டம்பரை விட்டால் கிறிஸ்துமஸ் விடுமுறைதான்.

ஆனால், கனடாவில் 'வெளியூர் மேட்ச்' என்பது சின்ன விஷயமில்லை. வான்கூவருக்கும் வின்னிபெக்குக்கும் சாலை வழியே சுமார் 2,300 கிலோமீட்டர். இரண்டும் ஒரே கோஷ்டியில் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்! லேக்ஹெட் பல்கலைக்கழகம் இருக்கும் தண்டர் பே நகரிலிருந்து டொரன்டோவுக்கு சுமார் 1,400 கிலோமீட்டர். அதுவும் ஒரே மாகாணத்துக்குள்! கிழக்கே பிரின்ஸ் எட்வர்டு தீவுக்குப் போக 12.9 கிலோமீட்டர் நீளக் கடல் பாலத்தைக் கடக்க வேண்டும். பலத்த காற்று அடித்தால் உயரமான வண்டிகளைப் பாலத்தில் விடமாட்டார்கள். அணியின் பஸ்ஸும் கரையில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

அதனால்தான் பெரும்பாலான மேட்ச்களை வெள்ளி, சனி என்று அடுத்தடுத்து வைத்துவிடுகிறார்கள். ஒரே ஊருக்கு ஒருமுறை போய் இரண்டு மேட்ச் ஆடிவிட்டுத் திரும்பலாம். திங்கள்கிழமை வகுப்பும் தப்பாது. டிசம்பரில் பரீட்சை, அதனால் லீக்குக்கு லீவு. உலகப் பல்கலைக்கழகக் குளிர்கால விளையாட்டுகள் நடக்கும் வருடமென்றால் ஜனவரியில் சிறந்த வீரர்கள் கழன்றுகொள்வார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் லேக் ப்ளாசிட்டில் நடந்த அந்தப் போட்டியில் கனடா ஆண்கள் அணி தங்கம் வென்றது சந்தோஷம்தான். லீக் ஷெட்யூல் போட்டவர்களைக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

எல்லை தாண்டிய நட்பு மேட்ச்

இந்த நெருக்கடிக்கு நடுவே பல வருடங்களாகக் கைகொடுத்து வந்தது எல்லைக்கு அப்பால் இருக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். ஒட்டாவாவிலிருந்தோ மான்ட்ரியலிலிருந்தோ பார்த்தால் டொரன்டோவைவிட நியூயார்க் மாகாணத்தின் வடக்கு ஊர்கள் பக்கம். அங்கேயும் அக்டோபரில்தான் சீசன். கனடா அணியோடு ஆடும் கண்காட்சி மேட்ச் அமெரிக்க அணியின் வெற்றி-தோல்விக் கணக்கில் சேராது. அவர்களுக்கு ரிஸ்க் இல்லாத பரீட்சை, இவர்களுக்கு நல்ல எதிரணி. இரண்டு தரப்புக்கும் லாபம்.

ஒரே ஐஸில் நின்றாலும் இரண்டு அணிகளையும் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் ஹெல்மெட்டில் முகம் முழுவதையும் மறைக்கும் கம்பி வலையோ கண்ணாடியோ இருக்கும். அங்கே அது கட்டாயம். கனடா பல்கலைக்கழக ஆண்கள் அணியிலோ மூக்கு வரைக்கும் இறங்கும் அரைக் கண்ணாடிதான் அதிகம். பல் போனால் போகட்டும், பார்வை தெளிவாக இருந்தால் போதும் என்ற கட்சி! இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் வயதும் இருக்கிறது. கனடாவில் பல்கலைக்கழக அணிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 20, 21 வயதில், ஜூனியர் லீக்கில் நான்கு வருடம் அரைக் கண்ணாடியோடு ஆடிப் பழகி வருகிறவர்கள்.

சண்டை விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கட்சி. என்.ஹெச்.எல் மேட்ச்சில் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு முகத்தில் குத்திக்கொள்ளும் காட்சியை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அங்கே ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்தால் தண்டனை முடிந்தது. பல்கலைக்கழகத்தில் அப்படியில்லை. கை ஓங்கினால் மேட்ச்சை விட்டே வெளியே, கூடவே சஸ்பென்ஷன். ஆனாலும் 2019 பிப்ரவரியில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், அக்கேடியா, செயின்ட் ஃப்ரான்சிஸ் சேவியர் அணிகளின் மேட்ச்சில் இரண்டு பெஞ்ச்சும் காலியாகி அடிதடி நடந்து, வீரர்கள் கொத்தாக சஸ்பெண்ட் ஆனார்கள். ஒரே எதிரணியை வருடத்துக்கு ஐந்து முறை பார்த்தால் இப்படியும் ஆகும்போல!

சுவர் இருந்த காலம்

இப்போது அந்தப் பழைய ரூலுக்கு வருவோம். கனடாவில் 16 முதல் 20 வயது வரையிலான திறமையான பையன்கள் ஆடுவது சி.ஹெச்.எல் என்ற ஜூனியர் லீக்கில். மேற்கு, ஒன்டாரியோ, கியூபெக் என மூன்று கிளைகள். 60 அணிகளுக்குப் பக்கம் இருக்கின்றன. அங்கே பையன்களுக்குச் சின்ன அளவில் கைச்செலவுப் பணம் தருவார்கள். என்.ஹெச்.எல் கிளப்களோடு ஒப்பந்தம் போட்ட சிலரும் அதே லீக்கில் ஆடுவார்கள். இதைக் காரணம் காட்டி, 'சி.ஹெச்.எல்லில் ஒரு மேட்ச் ஆடினாலும் நீ ப்ரொஃபஷனல்' என்று முத்திரை குத்தி வைத்திருந்தது என்.சி.ஏ.ஏ. அது ப்ரீ-சீசன் மேட்ச்சாக இருந்தாலும் சரி.

15, 16 வயதில் ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு இது. ஜூனியர் லீக்கா, அமெரிக்கக் கல்லூரியா? ஒன்றில் கால் வைத்தால் இன்னொன்று கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்த பையனிடம் 'இன்ஜினீயரிங்கா, மெடிக்கலா, இப்போதே சொல், பிறகு மாற்றவே முடியாது' என்று சொல்வதைப்போல.

ஜூனியர் லீக்கைத் தேர்ந்தெடுத்தவர்களில் என்.ஹெச்.எல் வரை போவது கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள்? அவர்களுக்காகவே ஓர் ஏற்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு சீசன் ஆடினால் ஒரு வருடப் பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தை லீக் ஏற்றுக்கொள்ளும். நான்கு சீசன் ஆடியவன் 20, 21 வயதில் அந்த ஸ்காலர்ஷிப்போடு கனடா பல்கலைக்கழகத்தில் சேருவான். படிப்பான், ஆடுவான். ஐந்து வருடம் வரை அணியில் இருக்கலாம்.

அமெரிக்கா கட்டிய சுவர், கனடா பல்கலைக்கழகங்களுக்கு வேலியாகவும் வாய்க்காலாகவும் பயன்பட்டது. வடிகட்டிய திறமை எல்லாம் வேறு வழியில்லாமல் இந்தப் பக்கமே வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கடுமையாகச் சொன்னால், 16 வயதுப் பையன்களுக்கு நடந்த ஓர் அநியாயத்தின் மேல்தான் கனடா பல்கலைக்கழக ஹாக்கியின் தரம் நின்றுகொண்டிருந்தது.

டெரெக் ரயன் கதையைக் கேட்டால் இது புரியும். அவர் அமெரிக்கர். வாஷிங்டன் மாகாணத்தின் ஸ்போகேன் நகரத்துக்காரர். சொந்த ஊரில் இருந்த ஜூனியர் அணி, கனடாவின் மேற்கு லீக்கைச் சேர்ந்தது. அதில் ஆடினார். அவ்வளவுதான், சொந்த நாட்டுக் கல்லூரி அணிகளின் கதவு மூடிவிட்டது. 2007-ல் எட்மன்டன் வந்து ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நான்கு வருடம் கோல்டன் பேர்ஸுக்காக ஆடினார். பிறகு ஹங்கேரி, ஆஸ்திரியா, ஸ்வீடன் என்று ஊர் ஊராகச் சுற்றினார். 2016 மார்ச்சில் கரோலினா அணிக்காக என்.ஹெச்.எல்லில் முதன்முறையாகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 29. அந்த வயதில் பலர் ரிட்டையர்மென்ட் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கோல்கீப்பர் லோகன் தாம்ப்சன் இன்னொருவர். ஜூனியர் லீக்கில் ப்ரான்டன் அணிக்காக நான்கு சீசன் ஆடியும் எந்த என்.ஹெச்.எல் கிளப்பும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2018-ல் ஒன்டாரியோவின் ப்ராக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரே சீசன். அங்கிருந்து சின்ன லீக், அடுத்து அதற்கு மேல் லீக் என்று படிப்படியாக ஏறி, 2021-ல் வேகஸ் அணிக்காக என்.ஹெச்.எல்லில் இறங்கிவிட்டார். 2023-ல் ஆல்-ஸ்டார். 'தேறமாட்டான்' என்று ஒதுக்கப்பட்டவனுக்கு இன்னொரு கதவைத் திறந்துவிட்ட இடம் அந்தப் பல்கலைக்கழக ரிங்க்.

டொரன்டோவில் பிறந்த ஜோயல் வார்டு, பிரின்ஸ் எட்வர்டு தீவுப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சமூகவியல் படித்துக்கொண்டே ஆடியவர். அவரும் எந்தக் கிளப்பாலும் தேர்ந்தெடுக்கப்படாதவர்தான். பிற்பாடு 700-க்கும் மேற்பட்ட என்.ஹெச்.எல் மேட்ச்கள்!

சுவர் இடிந்த பிறகு

2025 ஆகஸ்ட் முதல் ஜூனியர் லீக் பையன்கள் அமெரிக்கக் கல்லூரிக்குப் போகலாம். தேவையான செலவுக்கு மேல் சம்பளமாக வாங்கியிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. தலைப்புச் செய்தியானது கேவின் மெக்கென்னா. யூக்கான் பிரதேசத்தின் வைட்ஹார்ஸில் பிறந்து, மெடிசின் ஹேட் ஜூனியர் அணியில் கலக்கிய 17 வயதுப் பையன். 2025 ஜூலையில் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேரப்போவதாக அறிவித்தார்.

ஆனால், கனடா பல்கலைக்கழகக் கோச்களுக்கு மெக்கென்னா போனது நஷ்டமே இல்லை. அப்படிப்பட்ட பையன் என்றைக்குமே அவர்கள் பக்கம் வரப்போவதில்லை, நேராக என்.ஹெச்.எல்தான். பிரச்னை அடுத்த வரிசையில் இருக்கிறது. ஜூனியரில் நான்கு வருடம் நன்றாக ஆடி, என்.ஹெச்.எல் ஒப்பந்தம் கிடைக்காமல், 20 வயதில் நிற்கிறானே ஒருவன்... அவன்தான் கனடா பல்கலைக்கழக அணியின் முதுகெலும்பு. அவனுக்கு இப்போது இரண்டு கடிதம் வருகிறது.

ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டால் பேரம் சமமாக இல்லை. யு ஸ்போர்ட்ஸ் விதிப்படி விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பது கல்விக் கட்டணமும் கட்டாயக் கட்டணங்களும் மட்டுமே. அதற்கு மேல் தரக் கூடாது. அமெரிக்காவிலோ கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து முழு ஸ்காலர்ஷிப் தர முடியும். 2021 முதல் விளம்பரங்கள் மூலம் பணம் சம்பாதிக்கவும் மாணவர்களுக்கு அனுமதி உண்டு. போதாக்குறைக்கு டி.வி ஒளிபரப்பு, நிரம்பி வழியும் ஸ்டேடியம். கனடா பல்கலைக்கழக மேட்ச்களில் பல ஊர்களில் காலி நாற்காலிகள்தான் முதல் வரிசை ரசிகர்கள்.

ஆனால், எல்லாக் காற்றும் ஒரே திசையில் அடிக்கவில்லை. அமெரிக்காவில் முதல் நிலையில் ஹாக்கி ஆடும் பல்கலைக்கழகங்கள் 60-க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருக்கும் இடம் அதேதான். கனடாவிலிருந்து ஒருவன் உள்ளே போனால், உள்ளே இருந்த இன்னொருவன் வெளியே வர வேண்டும். அப்படி இடம் இழந்தவனும், அமெரிக்கக் கல்லூரிக்காகக் கீழ்நிலை ஜூனியர் லீக்கில் காத்திருந்து ஏமாந்தவனும் கனடா பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டலாம். வாய்க்கால் வற்றிப்போகவில்லை, திசை மாறியிருக்கிறது. எந்த மடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதுதான் கோச்களின் கவலை.

இங்கேதான் செப்டம்பர் முக்கியமாகிறது. முன்பெல்லாம் வசந்த காலத்திலேயே 'இந்தப் பையன் வருகிறான்' என்று கோச்சுக்கு ஏறக்குறைய உறுதியாகத் தெரியும். அவனுக்கு வேறு போக்கிடம் இல்லையே! இப்போது ஆகஸ்ட் கடைசி வரை இழுபறி. அமெரிக்காவிலிருந்து போன் வராதா என்று பையன் காத்திருக்கிறான். அவன் வருவானா என்று கோச் காத்திருக்கிறார். முடிவு தெரியும்போது ப்ரீ-சீசன் தொடங்கிவிடுகிறது. ஐந்தாறு மேட்ச்சில் அணியைக் கட்ட வேண்டும். பாயின்ட் இல்லாத அந்த மேட்ச்களின் கனம் கூடிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. எல்லை தாண்டிப் போய் ஆடும் அந்த நட்பு மேட்ச் இருக்கிறதே, அதில் எதிரணி கோச் இனி வெறும் எதிரணி கோச் இல்லை. பையன்களைப் பிடிப்பதில் நேரடிப் போட்டியாளர். அவருடைய அணியில் அரைக் கண்ணாடியிலிருந்து கம்பி வலைக்கு மாறிய, சில வருடம் முன்பு என்றால் கண்டிப்பாக இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டிய பையன்கள் ஆடுகிறார்கள். ஜூனியரில் ஒரே அறையில் தங்கிய இரண்டு பேர் இப்போது எதிரெதிரே.

பெண்கள் அணிகளுக்கு இது பழைய கதை

பதறுகிறவர்கள் ஒருமுறை பக்கத்து ரிங்க்கை எட்டிப் பார்க்கலாம். பெண்களுக்கு சி.ஹெச்.எல் மாதிரி ஜூனியர் லீக் கிடையாது. அதனால் அந்தச் சுவரும் இருந்ததில்லை. கனடாவின் சிறந்த வீராங்கனைகள் பல வருடங்களாக அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கனடா அணியின் கேப்டன் மரீ ஃபிலிப் பூலான் படித்து ஆடியது பாஸ்டன் பல்கலைக்கழகத்தில். சாரா நர்ஸ் விஸ்கான்சினில்.

அப்படியிருந்தும் உள்ளூரில் ஹாக்கி செத்துப்போகவில்லை. 2018 ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கியின் மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான மெலோடி தாஉ, மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். ஹேலி விக்கன்ஹைசர் ஒலிம்பிக் தங்கங்களை வாங்கிய பிறகு கால்கரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2012-ல் அந்த அணிக்குத் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்தில், தனக்குப் பிடித்த மொழியில், பிடித்த படிப்பைப் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எப்போதும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இருந்தாலும் ஆண்கள் அணிகளுக்குப் பயம் வர நியாயமான காரணம் இருக்கிறது. ஹாக்கி செலவு பிடித்த விளையாட்டு. ஐஸ், பஸ், விமானம், ஹோட்டல், உபகரணம்... பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் பல்கலைக்கழக நிர்வாகத்தின் கண் முதலில் போகிற இடம் அது. 2016-ல் ஃப்ரெடரிக்டனின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம் ஆண்கள் ஹாக்கி அணியைக் கலைத்தது. 2020 ஏப்ரலில் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளையுமே மூடியது. 1994-ல் மைக் பேப்காக் கோச்சாக இருந்து தேசிய சாம்பியன் ஆன அணி அது! அதே பேப்காக் பிறகு என்.ஹெச்.எல் கோப்பையும், கனடாவுக்கு இரண்டு ஒலிம்பிக் தங்கமும் வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்ட வரலாறுகூட அணியைக் காப்பாற்றவில்லை.

43-க்கு 43

இந்த ஆட்டத்தின் தரம் என்ன என்று கேட்பவர்களுக்கு, சுவர் இடிவதற்கு முந்தைய கடைசி வருடங்களில் ஒரு பதில் கிடைத்தது. 2023-24 சீசனில் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தின் 'ரெட்ஸ்' அணி 43 மேட்ச் ஆடி 43-லும் ஜெயித்தது. லீக்கில் 30-க்கு 30. பிறகு ப்ளே-ஆஃப், பிறகு டொரன்டோவில் தேசியப் போட்டி. இறுதியாட்டத்தில் ட்ரூவா ரிவியெர் அணியை 4-0 என்று வீழ்த்தியது. நடந்த இடம், ஒரு காலத்தில் 'மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்' என்று புகழ்பெற்றிருந்த கட்டடம். யு ஸ்போர்ட்ஸ் ஆண்கள் ஹாக்கியில் அதற்கு முன் எந்த அணியும் இப்படித் தோல்வியே இல்லாமல் சீசனை முடித்ததில்லை.

அந்த அணியின் பெரும்பாலான பையன்கள் பழைய வழியில் வந்தவர்கள். ஜூனியர் லீக், ஸ்காலர்ஷிப், பிறகு ஃப்ரெடரிக்டன். அமெரிக்கக் கல்லூரி என்ற யோசனைக்கே இடமில்லாத காலத்துப் பையன்கள். இனி அப்படி ஓர் அணியைச் சேர்க்க நினைக்கும் கோச், 'இங்கே வா' என்று கூப்பிட்டால் போதாது, 'ஏன் வர வேண்டும்' என்றும் சொல்ல வேண்டும். எந்தப் பட்டம் கிடைக்கும், மேட்ச்சில் எத்தனை நிமிடம் ஐஸில் இருக்கலாம், ஊரிலிருந்து அப்பா அம்மா வண்டி ஓட்டி வந்து பார்க்க முடியுமா... ஒவ்வொன்றையும்.

20 வயதில் சேர்ந்தால் முதல் வருடமே அணியில் முக்கிய இடம் கிடைக்கும் என்பது கனடா பக்கத்தின் பலம். அமெரிக்காவில் பெரிய பெயர்களுக்குப் பின்னால் நான்காவது வரிசையில் உட்கார்ந்து, வாரத்துக்கு ஒரு மேட்ச்சாவது கிடைக்காதா என்று ஏங்க வேண்டி வரலாம். தவிர, ஜூனியர் லீக் தரும் ஸ்காலர்ஷிப்பில் கனடாவில் படித்தால் கையில் கடன் இல்லாமல் பட்டத்தோடு வெளியே வரலாம். 25 வயதில் ஹாக்கி முடிந்துபோகிற பையனுக்கு அது பெரிய விஷயம்.

என்.சி.ஏ.ஏ-வின் ஓட்டுக்கு முன்பே ஒரு பழக்கம் இருந்தது. டிசம்பரில் கனடாவின் 20 வயதுக்குட்பட்ட தேசிய அணிக்குத் தேர்வு முகாம் நடக்கும்போது, எதிரணியாகப் பல்கலைக்கழக வீரர்களின் ஆல்-ஸ்டார் அணியைக் கூப்பிடுவார்கள். நாளைய என்.ஹெச்.எல் நட்சத்திரங்கள் ஒரு பக்கம், பரீட்சை எழுதிவிட்டு வந்த 22, 23 வயது மாணவர்கள் இன்னொரு பக்கம். பாயின்ட் கிடையாது, கோப்பை கிடையாது. அங்கே எத்தனையோ பையன்களின் இடம் உறுதியானதும் பறிபோனதும் இந்த மாணவர்கள் கொடுத்த இடியில்தான். எட்மன்டன் ஆய்லர்ஸ் கிளப்பின் புதுமுகங்களோடு கோல்டன் பேர்ஸ் செப்டம்பரில் ஆடி வந்த மேட்ச்களிலும் அப்படித்தான். சில வருடங்களில் ஜெயித்தது மாணவர்கள்!

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு. எல்லைக்கு அப்பால் மேட்ச் முடிந்து இரண்டு அணிகளும் வரிசையாக நின்று கை குலுக்குகின்றன. கம்பி வலைக்குள் இருக்கும் ஒருவனும் அரைக் கண்ணாடி போட்ட ஒருவனும் மட்டும் வரிசையை நிறுத்திவிட்டு இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். பஸ் வெளியே இன்ஜினை ஓடவிட்டபடி நிற்கிறது. பாஸ்போர்ட் சரிபார்த்து எல்லை கடந்து விடுதிக்குப் போய்ச்சேர நள்ளிரவு தாண்டும். திங்கள்கிழமை காலை எட்டரைக்கு வகுப்பு.